பியூலாவின் கோபம் மாற ஒரு ஜெபக்குறிப்பு

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலையில் ஜெமி வீட்டுக்குள் வரவில்லை.

கிறிஸ்துமஸ் பாட்டுப் பழகச் சபைக்குப் போன பிள்ளை. திரும்பி வந்ததும் "பசிக்குதும்மா" என்று சேலையைப் பிடித்து இழுக்க வேண்டியவள், வாசல்படியை மிதிக்காமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு புறவாசலுக்குப் போய், துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். அடுப்படியில் ஊறின கொண்டைக்கடலையைக் களைந்துகொண்டிருந்த பியூலாவுக்கு ஜன்னல் வழியாக மகளின் உச்சந்தலையும் சிவப்பு ரிப்பனும் மட்டும் தெரிந்தன.

"ஏட்டி ஜெமி, அங்க என்ன பண்ற? உள்ள வா."

சிவப்பு ரிப்பன் இன்னும் கீழே இறங்கியது.

பியூலாவுக்கு அன்று தலைக்கு மேல் வேலை. சாயங்காலம் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வீட்டு ஜெபக்கூட்டம் அவர்கள் வீட்டில்தான். முப்பது பேருக்குச் சுண்டல், கேசரி, டீ. மாமியார் பிரிஸ்கில்லா சங்கத்தின் செயலாளர். செயலாளர் வீட்டுக் கேசரியில் முந்திரி குறைந்தால் ராஜபாளையம் முழுக்கப் பேச்சு வரும். புருஷன் ஜோயலுக்கு மில்லில் சூப்பர்வைசர் வேலை, இன்றைக்குப் பகல் ஷிப்ட். ஆக, ஒத்தாசைக்கு ஆள் கிடையாது.

இதெல்லாம் போதாதென்று மனசில் வேறொரு பாரம். போன வாரம் நாத்தனார் ஹெப்சி மதுரையிலிருந்து போன் பண்ணி அழுதது உங்களுக்கு நினைவிருக்கும். "எட்வினை விட்டுட்டு வந்துட்டேன் மதினி. கை நீட்டிட்டான். ஹாஸ்டல்ல இருக்கேன். அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது" என்று அவள் வாக்கு வாங்கிக்கொண்டாள். ஜோயலிடம்கூட மூச்சு விடாமல் பியூலா ஒரு வாரமாக அதை விழுங்கிக்கொண்டு திரிகிறாள்.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனாள். ஜெமி முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். ஒரு கால் செருப்பைக் காணோம்.

"யாராவது அடிச்சாங்களா?"

இல்லை என்று தலை ஆடியது.

"பின்ன?"

"நான் பாயை நனைக்கிறது பெனிட்டாவுக்கு எப்படிம்மா தெரியும்?"

பியூலா அவள் பக்கத்தில் குந்தினாள்.

"அவ அம்மா நேத்து சர்ச்சுல எனக்காக ஜெபம் பண்ணாங்களாம். இன்னைக்கு நனைச்சியா இல்லியான்னு எல்லாருக்கும் முன்னால கேக்கா. நான் பக்கத்துல போனா எல்லாரும் மூக்கைப் பொத்துறாங்க."

ஆறு வயசுப் பிள்ளை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் மாற்றியதிலிருந்து இந்தத் தொந்தரவு திரும்பி வந்திருக்கிறது. "தானா நின்னுரும், பிள்ளையைத் திட்டாதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பியூலா விடிவதற்கு முன்னால் எழுந்து, பிள்ளையின் தூக்கம் கலையாமல் உடுப்பு மாற்றி, விரிப்பை உருவிக்கொண்டு வந்து இந்தக் கல்லில் அலசுவாள். மொட்டைமாடியில் ஜோயலின் கைலிகளுக்குப் பின்னால் காயப்போடுவாள், தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாதபடி. இந்த ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காய்வதே இல்லை. இஸ்திரிப் பெட்டியை வைத்து ஈரம் போகத் தேய்த்து, ராத்திரிக்குள் திரும்ப விரித்துவிடுவாள். அவள் ஜெபம் பண்ணுகிற நேரமும் அதுதான். குழாயைத் திறந்துவிட்டு, துணியைக் கசக்கிக்கொண்டே ஆண்டவரிடம் பேசுவாள். வீட்டில் வேறு எந்த நேரத்திலும் அவளுக்கென்று அந்த அமைதி கிடைப்பதில்லை.

விஷயம் தெரிந்த பெரியவர்கள் இந்த வீட்டுக்குள் மூன்று பேர், வெளியே டாக்டர் ஒருவர். டாக்டருக்கு வேறு ஜோலி இருக்கிறது. ஜோயல் வாயைத் திறக்கிற ஆளே இல்லை.

பியூலா செல்போனை எடுத்தாள். சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பை அவள் திறந்து பார்த்தே மாதக்கணக்காகிறது. வியாழக்கிழமை ராத்திரி மாமியார் குரலில் ஒரு செய்தி இருந்தது. தட்டினாள்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர்ஸ். நாளைக்கு உபவாச ஜெபத்துல ரெண்டு குறிப்பு வச்சுக்கிடுங்க. ஆறு வயசாகியும் படுக்கையை நனைக்கிற எம்பேத்தி ஜெமிமாவுக்குப் பூரண விடுதலை கிடைக்கணும். பொறவு, எம்மருமக பியூலாவோட முன்கோபம் மாறணும். பெத்தவ கோபத்துக்குப் பயந்துதான் பிள்ளை இப்படி நனைக்குதுன்னு ஆண்டவர் எனக்கு உணர்த்துறார். பாரத்தோட ஜெபிச்சுக்கிடுங்க."

அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். ஆமென், ஆமென், ஆமென்.

பியூலாவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது.

*

பிரிஸ்கில்லா கூடத்தில் ஜமுக்காளத்தை உதறிக்கொண்டிருந்தாள். மருமகள் போனை முகத்துக்கு நேரே நீட்டித் தன் குரலையே தனக்குப் போட்டுக் காட்டியபோதும் அவள் அசரவில்லை.

"என்ன அத்தை இது?"

"ஜெபக்குறிப்பு."

"எம்பிள்ளை பாயை நனைக்கிறதை ஊர் பூரா சொல்லி வச்சிருக்கீங்க!"

"ஊர்கிட்டயா சொன்னேன்? ஆண்டவர்கிட்ட சொன்னேன்."

"ஆண்டவர் அந்த குரூப்புலயா இருக்கார்?"

"வாயை அடக்கிப் பேசு பியூலா. நான் ஒருத்தி கேக்கதுக்கும் முப்பது பேர் சேர்ந்து கேக்கதுக்கும் வித்தியாசம் இல்லியா? உங்க மாமா மதுரை ஆஸ்பத்திரியில கிடந்தப்போ இந்தச் சங்கந்தான் முழங்கால்ல நின்னுச்சு. அவிய எந்திரிச்சு வந்து, பொறவு எம்புட்டு வருசம் நம்மகூட இருந்தாவ! நீயும் பாத்தவதான?"

அது நிஜம். பிரிஸ்கில்லா பொய்க்காரி இல்லை. யார் வீட்டில் யாருக்குத் தலைவலி என்றாலும் கண்ணீர் விட்டு ஜெபிக்கிற மனுஷிதான். அதுதான் பியூலாவுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு ஆறிப்போகலாம்.

"மாமா பெரிய மனுசர். அவியகிட்ட கேட்டுட்டுச் சொன்னீங்க. எம்பிள்ளைகிட்ட கேட்டீங்களா? என்கிட்ட கேட்டீங்களா?"

"ஆறு வயசுப் பிள்ளைகிட்ட போய் என்னத்தைக் கேக்க?"

"அவளுக்கு மானம் இல்லியா? ஒத்தச் செருப்போட வந்து கல்லுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கா. போய்ப் பாருங்க! எங்கோவத்துக்குப் பயந்து நனைக்காளாம்! ஒருநாள், ஒரே ஒருநாள், இதுக்காக நான் அவளை அதட்டி நீங்க பாத்திருக்கீங்களா?"

கத்தினாள். தெருமுனை வரை கேட்டிருக்கும். பிரிஸ்கில்லா பதிலுக்குக் கத்தவில்லை. ஜமுக்காளத்தைக் கீழே போட்டாள், முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள், கண்ணை மூடிக் கையை உயர்த்தினாள்.

"ஆண்டவரே, இந்தக் கோவத்தைத்தான் சொன்னேன். இவளைத் தொடும்."

சண்டைக்குப் போனவளுக்கு இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? கத்தினால், பார்த்தீர்களா கோபத்தை என்பார்கள். வாயை மூடிக்கொண்டால், ஜெபம் கேட்கப்பட்டது என்பார்கள். பியூலாவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஜோயலுக்குப் போன் போட்டாள். மெஷின் இரைச்சலுக்கு நடுவே விஷயத்தைக் கத்திச் சொல்லி முடித்தாள்.

"அம்மா கெட்ட எண்ணத்துல செஞ்சிருக்க மாட்டாங்க பியூ. சாயங்காலம் கூட்டம் முடியட்டும். பொறவு பேசுவோம்."

"உங்க பொறவு எனக்குத் தெரியும்" என்று போனை வைத்தாள்.

ஜெமிக்கு ரெண்டு கவுன், தனக்கு ஒரு சேலை. பைக்குள் திணித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"கடலை குக்கர்ல இருக்கு. வேக வச்சுக்கிடுங்க. நானும் எம்பிள்ளையும் வில்லிபுத்தூர் போறோம்."

"ஏட்டி, வீட்டுல கூட்டத்தை வச்சுக்கிட்டு... எப்ப வருவ?"

"அதுக்கும் ஒரு குறிப்பு வைங்க. எப்ப வருவேன்னு உணர்த்துவார்."

*

பஸ்ஸில் ஜெமி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். மம்சாபுரத்துக்காரி ஒருத்தி கூடை நிறையக் கொய்யாப்பழத்தோடு ஏறி, பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தாள். அதைக் கடிக்காமல் உருட்டிக்கொண்டே இருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அம்மா, நான் நனைக்கிறது ஆண்டவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவர் யார்கிட்டயாவது சொல்லுவாரா?"

"மாட்டார்."

"பெனிட்டா அம்மாகிட்ட?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டார் கண்ணு."

அதற்குப் பிறகுதான் கொய்யாவைக் கடித்தாள். பியூலா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுகையா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கடைவீதிக்குப் பின்சந்தில் பியூலாவின் அம்மா ஞானம்மாள் தனியாக இருக்கிறாள். கதவைத் திறந்தவள் முகம் வாடி, உதடு காய்ந்து போயிருந்தது.

"என்னம்மா, உடம்புக்கு முடியலியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நேத்திலிருந்து உபவாசம்." ஞானம்மாள் மகள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "உனக்காகத்தாம்ட்டி."

பியூலா பையை நழுவவிட்டாள். பிரிஸ்கில்லாவின் குரல் அங்கிருந்து கிளம்பி, வில்லிபுத்தூர் சங்கத்து குரூப்புக்கும் வந்து சேர்ந்திருக்கிறது! அவள் வருவதற்கு முன்னாலேயே அவளுடைய கோபம் பஸ் ஏறி வந்துவிட்டது. சிரிப்பும் வந்தது, யாரையாவது நாலு அறை அறையலாம் என்றும் வந்தது.

"நீங்களுமாம்மா? 'என்னட்டி ஆச்சு'ன்னு எனக்கு ஒரு போன் பண்ணிக் கேக்க உங்களுக்குத் தோணலியா?"

"கேட்டா நீ கோவப்படுவ."

"கோவப்படாம?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அடுப்படிக்குள் நுழைந்தாள். தடால் தடாலென்று பாத்திரங்களை உருட்டி, உலை வைத்து, ரசம் கூட்டி, அப்பளம் பொரித்தாள். தட்டை அம்மா முன்னால் வைத்தாள். "எனக்காகப் பட்டினி கிடந்தது போதும். எனக்காகச் சாப்பிடுங்க." சிறுபிள்ளை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு ஞானம்மாள் சாப்பிட்டாள். ஜெமி கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டிருந்தாள். அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஞானம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"அது உங்கோவத்தால இல்லட்டி."

"எது?"

"பிள்ளை நனைக்கிறது. நீயும் அப்படித்தான். ரெண்டாங்கிளாஸ் வரைக்கும் நனைச்ச. பொறவு தானா நின்னுச்சு."

"நானா?"

"உங்க அப்பாவுக்குத் தெரியாது. உங்க மாமன், பெரியம்மை ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்கே தெரியாதேம்மா! இதை இத்தனை மாசமா என்கிட்டச் சொல்ல மனசு வரலியா?"

"எப்படிச் சொல்ல? உன் மானம்ல அது." ரசத்தைக் கையில் ஊற்றி ஒரு வாய் குடித்தாள் ஞானம்மாள். "இன்னைக்கு உம்மேல பழி போட்டுட்டாளேன்னுதான் சொல்றேன்."

இத்தனை வருஷம்! தன் அம்மாவும் ஒரு கல்லில், ஒரு குழாயடியில், விடிவதற்கு முன்னால் துணி அலசியிருக்கிறாள். அதை யாருக்கும் சொல்லவில்லை, பெற்ற மகளுக்குக்கூட. காலையிலிருந்து முதல் தடவையாகப் பியூலாவுக்கு மூச்சு நேராக வந்தது. கோபம் குறையவில்லை. கோபப்பட்டது சரிதான் என்கிற தெம்பு வந்தது.

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. ஹெப்சி.

"மதினி, எட்வின் ஹாஸ்டல் வாசல்ல வந்து நிக்கான். சத்தம் போடுதான். குடும்பச் சண்டைக்கெல்லாம் இங்க இடம் இல்ல, காலி பண்ணுங்கன்னுட்டாங்க. பின்பக்கமா வெளிய வந்துட்டேன். நான் எங்க போக மதினி?"

"எங்க போகவா? உன் வீட்டுக்கு வா!"

"அம்மா..."

"அம்மாவை நான் பாத்துக்கிடுதேன். இன்னைக்குச் சாயங்காலம் வீட்டுல ஜெபக்கூட்டம். இருட்டினதும் எல்லாரும் போயிருவாங்க, அதுக்குப் பொறவு வா. நான் வாசல்ல நிப்பேன்."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அந்த வாசலில் நிற்க வேண்டும் என்றால் அவள் இப்போதே பஸ் ஏற வேண்டும்.

ஜெமி பாட்டி வீட்டில் தனியாக இருக்க மாட்டேன் என்று காலைக் கட்டிக்கொண்டாள். ராஜபாளையம் போகவும் பயம். "அங்க எல்லாரும் வருவாங்கள்லம்மா? என்கிட்ட கேப்பாங்கள்ல?"

"ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அம்மா கூடவே நிப்பேன்."

ஒரே மத்தியானத்தில் ரெண்டு பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, பியூலா ராஜபாளையம் பஸ்ஸுக்கு நின்றாள்.

*

வழியெல்லாம் மழை. வீட்டுக்கு வந்தால் மொட்டைமாடியில் காலையில் போட்ட விரிப்பு சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. பிழிந்து எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு இறங்கினாள். பிரிஸ்கில்லா கட்டி தட்டிப்போன கேசரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மருமகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டியா! ஸ்தோத்திரம். ஜெபத்தைக் கேட்டுட்டார் பாத்தியா."

பியூலா பல்லைக் கடித்துக்கொண்டு கரண்டியை வாங்கினாள். "நான் வந்தது வேற காரியத்துக்கு. அத்தை, இன்னைக்கு எம்பிள்ளை பேரு இந்தக் கூட்டத்துல வரக் கூடாது. வந்தா நான் சும்மா இருக்க மாட்டேன்."

"நான் என்னத்துக்குச் சொல்லப் போறேன்? சொன்னது சொன்னதுதான், முடிஞ்சது" என்றாள் பிரிஸ்கில்லா.

முடியுமா?

சாயங்காலம் வாசல் நிறையச் செருப்பும் குடையும் சேர்ந்தன. வந்தவர்கள் ஒவ்வொருத்தியும் பியூலாவை ஒரு மாதிரி இரக்கமாகப் பார்த்தார்கள். பெனிட்டாவின் அம்மா கையைப் பிடித்துத் தடவி, "தைரியமா இருங்க சிஸ்டர்" என்றாள். அந்தக் கையை உதறாமல் இருக்கப் பியூலா பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஜெமி உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாட்டு முடிந்து, வேதம் வாசித்து, தேவசெய்தியும் முடிந்தது. சாட்சி சொல்லுகிற நேரம். சபை குருவானவரின் மனைவியை ஊரில் எல்லோரும் ஐயரம்மா என்பார்கள். நல்ல மனுஷி, சாந்தமாகப் பேசுவாள். அதே சாந்தத்தோடு கேட்டாள்.

"பியூலா, நேத்து நாங்க எல்லாரும் உனக்காகப் பாரத்தோட ஜெபிச்சோம். ஆண்டவர் செஞ்ச நன்மையைச் சொல்லும்மா. அதுக்கு முன்னால பிள்ளையைக் கூப்பிடு. தலையில கை வச்சு ஜெபிப்போம்."

உள்ளறைக்குள் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. பியூலா எழுந்து அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"பிள்ளை வர மாட்டா ஐயரம்மா."

"ஏம்மா?"

"அவ யாரையும் ஜெபிக்கச் சொல்லல."

"பியூலா!" என்றாள் பிரிஸ்கில்லா.

"இருங்கத்தை. சாட்சி கேட்டாங்க, சொல்றேன். எங்கோவம் போகல. நேத்து நீங்க எல்லாரும் எனக்காகப் பட்டினி கிடந்தீங்க. இன்னைக்கு எம்பிள்ளை ஒத்தச் செருப்போட அழுதுக்கிட்டு வந்து நின்னா. அதைப் பாத்துக் கோவப்படாதவ என்ன அம்மா? இந்தக் கோவத்தை ஆண்டவர்தான் எனக்குக் குடுத்திருக்கார். எடுத்துப் போடும்னு தயவுசெஞ்சு யாரும் அவர்கிட்டக் கேக்காதீங்க. எனக்கு இது வேணும்."

பெனிட்டாவின் அம்மா முந்தானையைத் திருகினாள்.

"நானும் ஜெபம் பண்றவதான். விடியமுன்ன, துணி துவைக்கிற கல்லுகிட்ட. எம்பிள்ளை படுற பாட்டைச் சொல்லியிருக்கேன். என் இயலாமையைச் சொல்லியிருக்கேன். உங்க மேல உள்ள வருத்தத்தையும் சொல்லியிருக்கேன் அத்தை. அவர் ஒருநாளும் அதை இன்னொருத்தர்கிட்டப் போய்ச் சொன்னதில்ல."

சில பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிரிஸ்கில்லாவின் முகம் ஜிவுஜிவு என்று சிவந்துவிட்டது. இத்தனை வருஷச் செயலாளர், தன் வீட்டுக் கூடத்தில், தன் சங்கத்துக்கு முன்னால் அவமானப்பட்டு நிற்கிறாள். எழுந்தாள்.

"கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? மாமியாரை எந்த இடத்துல வச்சு என்ன பேச்சு பேசுறான்னு! எம்மக ஹெப்சியும் ஒரு வீட்டுல மருமகளாத்தான் இருக்கா. அவளைப் பத்தி ஒரு சொல் வந்திருக்கா? அவ வீட்டுல சத்தம் வெளிய கேட்டிருக்கா? எல்லாம் வளர்ப்பு. நான் வளர்த்த வளர்ப்பு!"

அது யாரைக் குத்துகிற பேச்சு என்று பியூலாவுக்குத் தெரியும். பட்டினி கிடந்த அம்மாவை, முப்பது வருஷமாக வாயைத் திறக்காத அம்மாவை, இவள் குறை சொல்கிறாள்!

ஒரே ஒரு வரி போதும். 'உங்க மக புருஷன்கிட்ட அடி வாங்கி ஹாஸ்டல்ல கிடக்கா' என்று ஒரு வரி சொன்னால் இந்த ஆட்டம் முடிந்துவிடும். நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. கேட்பதற்கு முப்பது பேர் தயாராக இருக்கிறார்கள். இந்தச் சங்கத்துக்கு அது ஒரு வாரப் பேச்சுக்குப் போதும். சொல்வதற்குப் பியூலாவுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

ஹெப்சி இப்போது ஏதோ ஒரு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாள்.

"ஆமா அத்தை" என்றாள் பியூலா. தன் குரல் தனக்கே கேட்கவில்லை. "ஹெப்சி நல்ல வளர்ப்புதான்."

அந்த நாளில் அவள் செய்த வேலைகளிலேயே இதுதான் பெரிய வேலை. ஆண்டவரே, இதுக்கு மேல என்னால முடியாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கதவில் சாய்ந்தாள்.

வாசல் இரும்புக் கேட் கிறீச்சிட்டது.

எல்லோரும் திரும்பினார்கள். இருட்டும்வரை வெளியே நிற்கப் பயந்தோ என்னவோ, ஹெப்சி முன்னாலேயே வந்துவிட்டாள். ஒரு தோளில் பை. தலையெல்லாம் ஈரம். கீழுதட்டில் கிழிந்த காயம் ஆறாமல், ஓரத்தில் கறுத்திருந்தது. கூடம் நிறைய முக்காடுகளைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றப் போன கால் அப்படியே நின்றுவிட்டது.

"ஐயோ, ஹெப்சியா? வாயில என்னம்மா இது?" பெனிட்டாவின் அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "பிரிஸ்கில்லாக்கா, என்னக்கா ஆச்சு? எதுவானாலும் சொல்லுங்கக்கா, இப்பவே ஜெபத்துல வச்சிருவோம்."

ஹெப்சி அம்மாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஒரு எட்டுப் பின்னால் போனாள், மழைக்குள்ளே.

பிரிஸ்கில்லா அதைப் பார்த்தாள். அடி வாங்கின வாயோடு வந்திருக்கிற மகள், பெற்ற தாயைக் கண்டு பின்னால் போகிறாள். பிரிஸ்கில்லாவின் உதடுகள் ரெண்டு மூன்று தடவை அசைந்தன.

"ஒண்ணுமில்ல. எம்மக வீட்டுக்கு வந்திருக்கா, அம்புட்டுதான். நீங்க பாட்டை எடுங்க."

பெண்களை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். தன் முந்தானையை இழுத்து மகள் முகத்தில் போட்டு மூடி, தோளை அணைத்து, யாரும் பார்க்காதபடி அடுப்படிக்கு அழைத்துக்கொண்டு போனாள். கூடத்தில் யாரோ ஒருத்தி சுருதி சேராமல் பாட்டைத் தொடங்கினாள்.

அடுப்படியில் ஹெப்சி தரையில் உட்கார்ந்து நடுங்கினாள். உள்ளறையிலிருந்து ஓடிவந்த ஜெமி தன் துண்டைக் கொடுத்துவிட்டு, ஒன்றுமே கேட்காமல் ஹெப்சி அத்தை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஹெப்சியின் போன் அடித்தது, நின்றது, திரும்பவும் அடித்தது.

"மதினி, வில்லிபுத்தூர் தாண்டினதிலிருந்து பஸ்ஸுக்குப் பின்னாலயே ஒரு வெள்ளைக் கார் வந்துச்சு. அது அவன் கார்தான்னு நினைக்கேன்."

பியூலா எழுந்து புறவாசல் கதவைத் தாழிட்டுவிட்டுத் திரும்பினாள். பிரிஸ்கில்லா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எப்பலருந்து?"

"போன வாரத்துலருந்து."

"எம்மக அடி வாங்கிக்கிட்டுத் தெருவுல நின்னிருக்கா." பிரிஸ்கில்லாவின் குரல் கிழிந்தது. இந்தச் சாயங்காலம் வரை அந்த வீட்டில் அவள் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. இப்போது மருமகளின் கையைப் பிடித்து உலுக்கினாள். "ஒரு வாரமா எங்கூட உக்காந்து சோறு தின்னிருக்க. பெத்தவகிட்ட ஒரு வார்த்தை ஏண்டி சொல்லல? ஏன் சொல்லல?"

பியூலா கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"சொல்லியிருந்தா நீங்க ஜெபக்குறிப்பு வச்சிருப்பீங்க அத்தை."